இன்கமிங்குக்குப் பூட்டு இல்லை

சரவணா,

இன்று காலை எழுந்ததும் நான் வாசல் தெளிக்கவில்லை. கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டைக்கூட எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூடத்தில் டிவிக்கு மேலே நீ மாட்டிவிட்டுப் போன ரூட்டருக்கு அடியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் போனில் அதன் முகவரியான நாலு எண்களையும் நடுவில் மூன்று புள்ளிகளையும் தட்டினேன். வைஃபையில் சேர்வதற்கு ஒரு பாஸ்வேர்ட், அந்தப் பெட்டிக்குள்ளேயே நுழைந்து அதை ஆள்வதற்கு இன்னொரு பாஸ்வேர்ட் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீதான். முதலாவதை எனக்குக் கொடுத்தாய். இரண்டாவதை நீ கொடுக்கவுமில்லை, நான் கேட்கவுமில்லை. உன் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. உன் பெயரோடு கல்லூரி எண்ணைச் சேர்த்துப் போட்டேன், அதுவும் இல்லை. மூன்றாவதாக, திறக்காது என்ற நினைப்போடுதான், ஜக்கார்டு 240 என்று அடித்தேன். திறந்துகொண்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உள்ளே இருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அதற்கு முன் அந்த 240 கதையைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் இன்னொருவர் படிக்கப்போகிறார். நம் வீட்டில் பழைய நெட்டை எடுத்துவிட்டு இந்த லைனை இழுத்தபோது, யாருக்கும் தெரியாத ஒரு வார்த்தையைப் பாஸ்வேர்டாக வைக்கச் சொல்லிவிட்டுப் போனார் லைன் போடுகிற குமார். உன் அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்தார். தறியிலிருந்து எழுந்து வந்து, ரகசியம் பேசுகிற மாதிரி என் காதருகே குனிந்து, "ஜக்கார்டு, இருநூத்தி நாப்பது. எந்தத் திருடனுக்குத் தெரியப்போவுது?" என்றார். நம் தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் இருநூற்று நாற்பது கொக்கி. புடவைக் கரையில் மயிலும் யாளியும் விழுவதெல்லாம் அந்தக் கொக்கிகளால்தான். எங்கோ இருக்கிற திருடனுக்கு அது தெரியாது, உண்மைதான். பத்து நாள் கழித்து, காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டி எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிற்கும்போது, எதிர்வீட்டுச் சம்பத் ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே, "இன்னா அண்ணி, உங்க வீட்டு நெட்டு காலையில கொஞ்சம் ஸ்லோவா இருக்குதே" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்க வீட்டுதும் ஜக்கார்டு 240 தான் அண்ணி. இந்தத் தெருவுல எவன் வீட்டுது அது இல்ல?" பாவைப் பிடித்திருந்த அத்தனை பேரும் சிரித்ததில் இழை ஆடியது.

புனேயிலிருந்து தீபாவளிக்கு வந்த நீ இதைக் கேட்டு, "தெருவுக்கே பந்தி போட்டுக்கினு இருக்கீங்களாப்பா?" என்று அப்பாவைக் கிண்டல் செய்தாய். அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாய். நீளமான புது பாஸ்வேர்ட் வைத்தாய். பொத்தானை அமுக்கினாலே யாரும் சேர்ந்துகொள்ளலாம் என்ற வசதியை நிறுத்தினாய். சம்பத் வீட்டுக்கும் வந்து போகிறவர்களுக்கும் கெஸ்ட் என்று தனியாக ஒரு வழி திறந்துவிட்டாய். எந்தப் பூட்டு எதற்கு என்று ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினாய். பி.எஸ்ஸி கணக்கு படித்த எனக்கு அது பிடித்திருந்தது. என் பிள்ளை வீட்டுக்கு நல்ல கதவு போடுகிறான் என்று பெருமையாக இருந்தது. ஆனால் பெட்டிக்குள் நுழைகிற பாஸ்வேர்டுக்கு மட்டும், நீயே கேலி செய்த அந்த 240-ஐ வைத்திருக்கிறாய். ஏன் என்று இன்று காலை புரிந்தது. வெளியாள் வந்தால் தடுக்க வேறு பூட்டுகள் இருக்கின்றன. வீட்டில் இருக்கிற நாங்கள் இந்தக் கதவைத் தட்டவே மாட்டோம் என்று உனக்கு அவ்வளவு நிச்சயம்.

உள்ளே ஐந்து பெயர்கள் இருந்தன. அப்பா. டிவி. வாசல் கேமரா. அம்மா. கீர்த்தனா. முதல் மூன்றுக்கும் எந்தத் தடையும் இல்லை. அம்மாவும், உனக்கு நிச்சயமான கீர்த்தனாவும் தனியாக ஒரு கட்டத்துக்குள் இருந்தோம். அந்தக் கட்டத்துக்கு மேலே ஆங்கிலத்தில் 'கிட்ஸ்' என்று எழுதியிருந்தது. நாற்பத்தேழு வயதில் நான் குழந்தை. உன் பெட்டியில் என்னைவிட டிவிக்குச் சுதந்திரம் அதிகம். என் பெயரைத் தொட்டதும், நான் திறக்கலாம் என்று நீ அனுமதித்திருந்த இடங்கள் வரிசையாக வந்தன: சமையல், பாட்டு, செய்தி, வாட்ஸ்அப். மற்றதெல்லாம் மூடியிருந்தது. தேதியைப் பார்த்தேன். போன ஆடி மாதம்.

ஆடியில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. இன்று இரவு கரண்ட்டைத் துண்டித்துவிடுவோம் என்று வந்த மெசேஜைப் பார்த்துப் பதறி, அதிலிருந்த லிங்க்கை அமுக்கிவிட்டேன். பணம் எதுவும் போகவில்லை, நீ போனிலேயே சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் சரி செய்தாய். அன்று நீ என்னைவிடப் பயந்துபோனாய். அந்தப் பயத்தில் இதைச் செய்திருக்கிறாய். அது புரிகிறது. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏனென்றால் அதற்கு அடுத்த மாதம்தான், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு சொல்லித் தருகிற வேலைக்கு நான் விண்ணப்பித்தேன். உனக்கும் அப்பாவுக்கும் சொல்லவில்லை, கிடைத்தபின் சொல்லலாம் என்றிருந்தேன். மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லி மூன்று முறை நேரம் கொடுத்தார்கள். மூன்று முறையும் நல்ல புடவை கட்டி, பின்னால் சுவரில் எதுவும் தெரியாதபடி திரை போட்டு உட்கார்ந்தேன். மூன்று முறையும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. என் போனுக்கு நீ போடுகிற ரீசார்ஜில் பேசுவது மட்டும்தான், வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே என்று. நாலாவது முறை அவர்கள் நேரம் கொடுக்கவில்லை. இந்தப் போனும் பழசு, நானும் பழசு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு திரையைத் துவைத்து மடித்து வைத்தேன்.

நேற்று வேறு ஏதோ வேலையாகத் தெருவுக்கு வந்த குமாரைக் கூப்பிட்டு, லைனைப் பார்க்கச் சொன்னேன். என் போனையும் அப்பா போனையும் பக்கத்தில் வைத்து அதே பக்கத்தைத் திறந்து பார்த்தார். "லைன்ல ஒண்ணும் இல்லக்கா. அண்ணன் போன்ல தொறக்குது, உங்க போன்ல தொறக்கல. வீட்லயே யாரோ உங்களுக்கு மட்டும் கதவ சாத்திக்கிறாங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பெட்டியில் எங்கே பார்க்க வேண்டும் என்று அந்த நாலு எண்களை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அவரைத் திட்டாதே.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது இந்தத் தெருவில் போன் இருந்த நாலு வீடுகளில் இது ஒன்று. ஒரு மரப்பெட்டி செய்து அதற்குள் போனை வைத்து, சின்னப் பூட்டு ஒன்று போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருப்பார். ரிசீவரை மட்டும் எடுக்கிற மாதிரி பெட்டியில் ஒரு பக்கம் வெட்டியிருக்கும். எண்ணை அழுத்த முடியாது. எனக்கு இருபத்தொரு வயது. தாமல் கிராமத்து ஏரிக்காற்றில் வளர்ந்து வந்தவளுக்கு இந்தக் கூடமே மூச்சு முட்டியது. அம்மாவிடம் பேச வேண்டும் என்று ஒரு நாள் தைரியமாகக் கேட்டுவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார்: "உங்கம்மா பேசட்டுமே. இன்கமிங்குக்குப் பூட்டு இல்லியேம்மா." என் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்திலிருந்து கூப்பிடுவாள். பக்கத்தில் மாமனார், மாமியார், உன் அப்பா மூவரும் இருப்பார்கள். நல்லா இருக்கியா என்பாள். இருக்கேன்மா என்பேன். அப்போது நீ என் வயிற்றில் மூன்று மாதம், எனக்கு ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. அதை யார் காதிலும் விழாமல் அவளிடம் சொல்ல ஒரு வழியும் இல்லாமல் பன்னிரண்டு நாள் இருந்தேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் என்னோடு பேசலாம், நான் மட்டும் யாரோடும் பேச முடியாது. இன்று காலை என் பெயருக்குக் கீழே இருந்த வரிசையைப் பார்த்தபோது அந்த மரப்பெட்டியின் வெட்டு எனக்கு ஞாபகம் வந்தது. ஃபார்வர்டு மெசேஜ் எல்லாம் எனக்கு வரும். நான் போக நினைத்த இடத்துக்கு மட்டும் வழி இல்லை.

இதைச் சொல்லி உன்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நீ பன்னிரண்டாவது படித்த வருடம் நான் செய்ததை நீ ஒருநாளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. ரூட்டரின் அடாப்டரைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவேன். அதோடு நிற்கவில்லை. நீ குளிக்கப் போனபோது உன் போனை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து, கண்ணாடியில் உன் விரல் பட்ட தடத்தைப் பார்த்து நீ போட்டிருந்த பேட்டர்னைக் கண்டுபிடித்தேன். கணக்குப் படித்த புத்தி அதற்குத்தான் உதவியது. இரண்டு மாதம் தினமும் படித்தேன். உன்னோடு டியூஷனில் படித்த அந்தப் பெண் உனக்கு எழுதியதையும் நீ அவளுக்கு எழுதியதையும். தப்பாக ஒன்றுமே இல்லை அதில். வீட்டில் அப்பா குடிக்கிறார், படிக்க முடியவில்லை என்று அவள் எழுதியிருந்தாள். அதை நீ மட்டும் தெரிந்து வைத்திருந்தாய். நான் அவள் வீட்டுக்குப் போன் செய்து, உங்கள் பெண் என் பையனைக் கெடுக்கிறாள் என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் டியூஷனுக்கு வரவில்லை. பரீட்சை எழுதினாளா என்றுகூட எனக்குத் தெரியாது. நீ நல்ல மார்க் வாங்கினாய். கண்டிப்பாக இருந்ததால்தான் பையன் தேறினான் என்று நான் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அக்கறை இருக்கிறவர்கள் சொல்லாமல் எட்டிப்பார்ப்பார்கள் என்று நீ அப்போது கற்றுக்கொண்டிருப்பாய். கற்றுக் கொடுத்தது நான்.

இப்போது கீர்த்தனாவுக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு அடுத்த வாரம் அவள் பெற்றோரோடு நம் வீடு பார்க்க வந்தாளே, அன்று ஆபீஸ் மெயில் ஒன்று அனுப்ப வேண்டுமென்று வைஃபை கேட்டாள். கெஸ்ட் வழியைக் கொடுக்காமல் வீட்டுப் பாஸ்வேர்டையே நீ அவள் போனில் அடித்துக் கொடுத்தாய். நம்ம வீட்டுப் பெண்தானே என்றாய், எனக்குக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அன்றே அவள் போனைப் பெட்டி அடையாளம் வைத்துக்கொண்டது. அதற்கு நேரே நீ எழுதி வைத்திருக்கிறாய்: காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை. ஒன்பதுக்கு மேல் எதுவும் திறக்காது. அவள் எதை எதைப் பார்த்தாள் என்று வாரம் ஒருமுறை உன் மெயிலுக்கு வரும். இன்னும் பதினொரு நாளில் கல்யாணம். அதற்குப் பிறகு இருபது நாளில் நீ வேலைக்காக ஜெர்மனிக்குப் போகிறாய். அவளுக்கு விசா வரும்வரை, ஆறு மாதமோ எட்டு மாதமோ, அவள் எங்களோடு இந்தக் கூடத்தில்தான் இருந்து வேலை செய்யப்போகிறாள். இன்னும் இந்த வீட்டில் ஒரு விளக்குகூட ஏற்றாத பெண்ணுக்கு இங்கே கட்டம் தயாராக இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவள் பெயருக்குக் கீழே 'ஹிஸ்டரி' என்று ஒரு வரி இருந்தது. அன்று ஒரு மணி நேரம் நம் வீட்டில் உட்கார்ந்து என்னென்ன பார்த்தாள் என்று தெரிந்துகொள்ளலாம். என் விரல் அதன் மேல் போய் நின்றது. யாரும் பார்க்கவில்லை, தெருவில் வாசல் தெளிக்கும் சத்தம் மட்டும்தான். உன் போனைச் சாய்த்துப் பார்த்த அதே ஆவல், எட்டு வருடம் கழித்தும் அப்படியே இருந்தது. தொடவில்லை. ஆனால் தினமும் அது அங்கே இருந்தால் நான் தொட மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

பட்டியலை என் பழைய நோட்டில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நீ ஆபீஸ் கிளம்பும் முன் உனக்குப் போன் செய்தேன். நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், நான் கூட்டிச் சொன்னதாக நீ நினைக்கக் கூடாது.

"என் போனுக்கு மட்டும் இன்னாத்துக்குடா கதவு சாத்திக்கிற?"

"யாரும்மா சொன்னாங்க? குமாரண்ணனா?"

"நானே பாத்தேன்."

"எப்படிம்மா உள்ள போன?"

நீ முதலில் கேட்டது அதைத்தான்.

"சேஃப்டிக்குதாம்மா," என்றாய். "ஆடில இன்னா பண்ணிக்கினே, ஞாபகம் இருக்குதா?"

"சரி, எனக்கு அது. கீர்த்தனா பேரு எதுக்கு?"

"அவளுக்கும் அதான். நைட்டு மீட்டிங்னு சொல்றா. நான் ஊர்ல இருக்க மாட்டேன். தெரிஞ்சி வெச்சிக்கினா நிம்மதியா இருக்கும்."

"அவகிட்ட சொன்னியாபா?"

"சொன்னா தப்பா எடுத்துக்குவாம்மா."

"அப்ப தப்புன்னு உனக்கே தெரியுது."

கோபமே இல்லாமல், "நீ எனக்குப் பண்ணாததையா நான் பண்ணிட்டேன்?" என்றாய். "நீதாம்மா கூட இருக்கப்போற. கொஞ்சம் பாத்துக்கோ. அவ்ளோதான் கேக்கறேன்" என்று வைத்துவிட்டாய்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி பெட்டிக்குள் போகப் பார்த்தேன். ஜக்கார்டு 240 திறக்கவில்லை. புனேயில் இருந்துகொண்டே மாற்றிவிட்டாய். தறியில் இருந்த உன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். பாவுக்குக் குறுக்கே ஓடும் ஓடத்தை நிறுத்தாமலே, "அவன் பாத்துக்குவாம்மா. நீ இன்னாத்துக்கு அத்த நோண்டிக்கினு இருக்கற? கல்யாண வீட்ல வேற வேலையே இல்லியா?" என்றார். அந்த மரப்பெட்டிக் காலத்தில் ரிசீவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோதும் அவருக்கு இதே குரல்தான். கூடத்துக்குத் திரும்பி வந்து, ரூட்டரைச் சுவரிலிருந்து இறக்கினேன். பின்பக்கம் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. அதில் குத்திப் பத்து எண்ணினால் பூட்டு, பட்டியல், கட்டம் எல்லாம் அழிந்து கடையிலிருந்து வந்த நாளுக்குப் போய்விடும் என்று குமார் சொல்லியிருந்தார். தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் வைத்தேன். அழுத்தவில்லை.

ஏன் அழுத்தவில்லை என்று காலையிலிருந்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். அழித்தால் குமாரை வரவழைத்து அடுத்த நாளே நீ எல்லாவற்றையும் திரும்ப எழுதுவாய். அது ஒன்று. அழித்தால், நீ என்ன எழுதி வைத்திருந்தாய் என்பது என்னோடு போய்விடும். உன்னைக் காப்பாற்றிவிட்டு, அவளை எதுவும் தெரியாமல் கூட்டி வந்து விளக்கேற்றச் சொல்லுவேன். பிறகு எட்டு மாதம் ஒவ்வொரு ராத்திரியும் ஒன்பது மணிக்கு அவள் என்னிடம் வந்து, "அத்தை, நெட் போயிடுச்சு" என்பாள். லைனில் ஏதோ கோளாறு என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். இந்த வீட்டில் சாவியை இடுப்பில் செருகியிருக்கும் ஆளாக நான் மாறுவதற்கு நீ நாள் குறித்திருக்கிறாய், நான் அதற்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீ போகிற ஊரில் உனக்கென்று ஒரு வீடு எடுப்பாய். ரூட்டரை வாங்கியதும் அதன் அடியில் ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்று. வருகிறவர்களுக்குத் தனி வழி கொடு. ஊரைத் தாண்டி இருந்துகொண்டு பெட்டியைத் திறக்கிற வசதியை நிறுத்தி வை, நீ நுழைகிற வழியில் வேறொருவனும் நுழைவான். புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டால் தள்ளிப்போடாதே. இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தவை. இதோடு நான் சேர்ப்பது ஒன்றுதான். அந்த வீட்டில் படுத்துத் தூங்குகிறவளுக்குப் பெட்டிக்குள் நுழைகிற பாஸ்வேர்டும் தெரிந்திருக்கட்டும். அவளிடம் சொல்ல முடியாத பூட்டை வைக்காதே.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. முகூர்த்தப் புடவைக்கான ரவிக்கையைத் தையற்காரர் கொடுத்துவிட்டார், அளவு சரியா என்று கீர்த்தனா போட்டுப் பார்க்க வேண்டும். அதைக் கொடுக்கப் போவதாக உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். டவுன் பஸ்ஸில் செவிலிமேட்டில் இருக்கிற அவள் வீட்டுக்கு நான் மட்டும் போகிறேன். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நோட்டுத் தாளில் எழுதி வைத்த ஐந்து பெயர்களையும் அவள் கையில் கொடுப்பேன். பிறகு இந்தக் கடிதத்தை. இரண்டையும் படித்துவிட்டு அவள் உன்னைக் கூப்பிட்டுச் சண்டை போடலாம். சிரித்துவிட்டு, மாத்தச் சொல்லுங்க அத்தை என்று விட்டுவிடலாம். ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்தும் அனுப்பலாம். கொடுத்தால் வாங்கிக்கொண்டு வருவேன். பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் நானே போய்ச் சொல்லுவேன். அவளிடம் எதையும் கெஞ்ச மாட்டேன், உனக்காகவும் பேச மாட்டேன்.

இது அப்பாவுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்து, பையின் வாயை அதே ஊக்கால் குத்தி வைத்திருக்கிறேன்.

அம்மா